'கேஸ்' என்று தள்ளிப்போடும் வயிற்றுவலி: இரைப்பைக் கிருமியும் புற்றுநோய் அபாயமும்



சில ஆண்டுகளுக்கு முன் நாமக்கல் மாவட்டத்தின் ஒரு மஹல்லாவில் ஒரு ஜனாஸா. ஐம்பத்தைந்து வயதான லாரி உரிமையாளர். இரைப்பைப் புற்றுநோய் என்று கண்டுபிடித்த நான்காவது மாதத்தில் வஃபாத் ஆகிவிட்டார். அடக்கம் முடிந்து சில நாள் கழித்து அவருடைய மூத்த மகன் ஒரு பிளாஸ்டிக் பையுடன் நம்மைத் தேடி வந்தார். மதரஸாவில் ஓதியதோடு கல்லூரிப் பட்டமும் பெற்றிருப்பதால், ஆங்கிலத்தில் உள்ள காகிதங்களைப் படித்துச் சொல்லுமாறு மக்கள் நம்மிடம் வருவது வழக்கம்.

அந்தப் பையில் ஆறு ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் எண்டோஸ்கோபி அறிக்கை இருந்தது. லாரியின் இன்சூரன்ஸ் தாள்களுக்கு நடுவே கிடந்ததாம். அதில் இரண்டு விஷயங்கள் எழுதப்பட்டிருந்தன. ஒன்று, இரைப்பையில் எச். பைலோரி கிருமி இருக்கிறது. இரண்டு, இரைப்பையின் உட்சுவரில் இன்டெஸ்டினல் மெட்டாபிளாசியா என்ற மாற்றம் இருக்கிறது. இவற்றின் பொருளை அந்தக் குடும்பத்தில் யாரும் அறிந்திருக்கவில்லை. எழுதிக் கொடுத்த மாத்திரைகளை ஐந்து நாள் சாப்பிட்டிருக்கிறார். வாய் கசந்தது, நிறுத்திவிட்டார். பிறகு பழையபடி மருந்துக்கடையில் 'கேஸ்' மாத்திரை.

மகன் கேட்டது ஒரே கேள்வி: "ஹஜ்ரத், இது எங்களுக்கும் வருமா?"

அன்று நம்மால் முழுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதன்பின் மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்துகொண்டதை இங்கே தொகுத்துத் தருகிறோம். சுருக்கம் இதுதான்: இரைப்பைப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை ஒரு கிருமியிலிருந்து தொடங்குகின்றன. அந்தக் கிருமியைக் கண்டுபிடிக்க முடியும், ஒழிக்கவும் முடியும். எவ்வளவு சீக்கிரம் ஒழிக்கிறோமோ அவ்வளவு பயன்.

'கேஸ்' என்ற ஒற்றைச் சொல்

சேலம், நாமக்கல் பகுதியில் நெஞ்செரிச்சல், மேல்வயிற்று வலி, புளித்த ஏப்பம், இரண்டு கவளம் உண்டதுமே வயிறு நிறைந்துவிடுவது எல்லாவற்றுக்கும் நாம் சொல்லும் பெயர் 'கேஸ்'. சற்று அதிகமானால் 'அல்சர்'. வெளிமாநிலத்துக்கு லோடு ஏற்றிச் செல்லும் ஓட்டுநர்கள், திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டியில் மாதக்கணக்கில் போகும் தொழிலாளர்கள், விசைத்தறியில் இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள், எல்லோருடைய சட்டைப் பையிலும் பேன்டோபிரசோல் அல்லது ஒமேப்ரசோல் இருக்கும். காலம் தவறிய உணவும் காரமும்தான் காரணம் என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம்.

இந்த மாத்திரைகள் அமிலச் சுரப்பைக் குறைக்கின்றன, எரிச்சல் அடங்குகிறது. ஆனால் கிருமி இருந்தால் அது அப்படியேதான் இருக்கும். காரம் எரிச்சலைக் கூட்டலாமே தவிர, இரைப்பைப் புண்ணுக்கு அடிப்படைக் காரணம் அதுவல்ல. பெரும்பாலான புண்களுக்கு இரண்டே காரணங்கள்: ஒன்று இந்தக் கிருமி, மற்றொன்று ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள். முதுகுவலிக்கு அடிக்கடி வலி மாத்திரை போடும் ஓட்டுநருக்குக் கிருமியும் இருந்தால் அபாயம் கூடுகிறது.

கிருமி கண்டுபிடிக்கப்பட்ட கதை

இரைப்பைப் புற்றுநோயைப் பற்றி மருத்துவர்கள் வெகுகாலமாக அறிவார்கள். 1162-ல் மறைந்த ஸ்பெயின் நாட்டு முஸ்லிம் மருத்துவர் இப்னு ஸுஹ்ர், உணவுக்குழாயிலும் இரைப்பையிலும் வரும் புற்றுக் கட்டிகளை விவரித்தவர்களில் முன்னோடியாகக் கருதப்படுகிறார். ஆனால் காரணம் தெரியாமலே நூற்றாண்டுகள் கடந்தன. இரைப்பையின் கடும் அமிலத்தில் எந்தக் கிருமியும் வாழ முடியாது என்றே 1980 வரை மருத்துவ உலகம் நம்பியது.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்ற நோய்க்குறியியல் மருத்துவர், அழற்சி கண்ட இரைப்பைத் திசுக்களில் வளைந்த உருவமுள்ள நுண்கிருமிகளைத் தொடர்ந்து கண்டார். அவருடன் பேரி மார்ஷல் என்ற இளம் மருத்துவர் சேர்ந்தார். ஆய்வகத்தில் கிருமியை வளர்க்க முயன்றபோது இரண்டு நாளில் எதுவும் வளரவில்லை என்று தட்டுகளை எறிந்துகொண்டிருந்தார்கள். 1982-ல் ஈஸ்டர் விடுமுறை காரணமாகச் சில தட்டுகள் கூடுதல் நாட்கள் உள்ளேயே இருந்துவிட்டன. அப்போதுதான் கிருமி வளர்ந்தது தெரிந்தது. அதற்கு நேரம் தேவைப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அப்போதும் உலகம் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் கிருமி கலந்த திரவத்தைத் தாமே குடித்தார். சில நாட்களில் அவருக்கு வாந்தியும் கடுமையான இரைப்பை அழற்சியும் ஏற்பட்டன. இருவருக்கும் 2005-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. உலக சுகாதார அமைப்பின் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1994-லேயே ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற இந்தக் கிருமியை, புகையிலை இடம்பெற்றுள்ள அதே முதல் பிரிவில், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான காரணிகளின் பட்டியலில் சேர்த்தது.

இரைப்பையின் உட்சுவர் எப்படி மாறுகிறது?

இந்தக் கிருமி யூரியேஸ் என்ற நொதியைச் சுரக்கிறது. அது யூரியாவை அமோனியாவாக மாற்றி, கிருமியைச் சுற்றியுள்ள அமிலத்தின் வீரியத்தை முறிக்கிறது. பிறகு கிருமி, இரைப்பைச் சுவரைப் போர்த்தியுள்ள வழவழப்பான சளிப்படலத்தைத் துளைத்து உள்ளே தங்குகிறது. உடலின் எதிர்ப்புச் சக்தி அதை எதிர்த்துப் போராடுகிறது, ஆனால் விரட்ட முடிவதில்லை. மருந்து கொடுத்து ஒழிக்காவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுதும் இருக்கும். பல பத்தாண்டுகள் தொடரும் இந்த அழற்சிதான் பிரச்சினையின் வேர்.

கொலம்பியாவில் பிறந்த நோய்க்குறியியல் அறிஞர் பெலாயோ கொர்ரேயா, இந்த மாற்றம் படிப்படியாக நடப்பதை விளக்கினார். அந்தப் படிகள் இவை:

1. நாட்பட்ட அழற்சி. கிருமி உள்ள ஏறக்குறைய எல்லோருக்கும் இது இருக்கும். பலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது.

2. சுரப்பிகள் நலிதல். அறிக்கையில் 'அட்ரோபி' என்று எழுதியிருப்பார்கள். அமிலமும் செரிமானச் சாறும் சுரக்கும் சுரப்பிகள் அழிந்து சுவர் மெலிகிறது. இது பரவலானால் வைட்டமின் பி12 உடலில் சேர்வதும் குறையலாம்.

3. குடல்வகை மாற்றம். இதுவே இன்டெஸ்டினல் மெட்டாபிளாசியா. இரைப்பைச் சுவரில் இருக்க வேண்டிய அணுக்கள் போய், குடலில் இருக்கும் அணுக்களைப் போன்றவை அங்கே முளைக்கின்றன.

4. டிஸ்பிளாசியா. அணுக்களின் உருவமும் அமைப்பும் ஒழுங்கு தவறுகின்றன. இது புற்றுநோய்க்கு முந்தைய படி.

5. புற்றுநோய்.

முதல் படியிலிருந்து கடைசிப் படிக்குப் போகப் பொதுவாகப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. பெரும்பாலோர் கடைசிப் படியை எட்டுவதே இல்லை. இந்த நீண்ட கால இடைவெளி அல்லாஹ் நமக்குத் தந்திருக்கும் அவகாசம் என்றே சொல்ல வேண்டும்.

அபாயம் எவ்வளவு?

பயமுறுத்துவது நம் நோக்கமல்ல. கிருமி உள்ள நூறு பேரில் ஒருவர் முதல் மூவர் வரைதான் வாழ்நாளில் இரைப்பைப் புற்றுநோய்க்கு ஆளாகிறார்கள். ஜப்பானில் 1,526 பேரைச் சராசரியாக ஏழே முக்கால் ஆண்டுகள் கண்காணித்து 2001-ல் வெளியான ஆய்வில், கிருமி இருந்த 1,246 பேரில் 36 பேருக்குப் புற்றுநோய் வந்தது. கிருமி இல்லாத 280 பேரில் ஒருவருக்கும் வரவில்லை.

நெதர்லாந்தில் நடந்த ஒரு பெரிய ஆய்வு, எந்தப் படியில் எவ்வளவு அபாயம் என்று கணக்கிட்டது. ஓர் ஆண்டில், சுரப்பி நலிவு உள்ள ஆயிரம் பேரில் ஒருவருக்கும், குடல்வகை மாற்றம் உள்ள ஆயிரம் பேரில் இரண்டு அல்லது மூன்று பேருக்கும், லேசான அல்லது நடுத்தர டிஸ்பிளாசியா உள்ள ஆயிரம் பேரில் ஆறு பேருக்கும் புற்றுநோய் வருகிறது. கடுமையான டிஸ்பிளாசியா என்றால் அது ஆயிரத்துக்கு அறுபது.

ஆகவே அறிக்கையில் 'மெட்டாபிளாசியா' என்று பார்த்ததும் கலங்கிப்போக வேண்டாம், அது புற்றுநோய் அல்ல. அதற்காக, அதை வண்டித் தாள்களுக்கு நடுவே செருகி மறந்துவிடவும் கூடாது. அது தொடர்ந்து கவனிக்க வேண்டிய நிலை.

தமிழ்நாட்டின் நிலை

2022-ல் உலகில் சுமார் 9 லட்சத்து 68 ஆயிரம் பேருக்குப் புதிதாக இரைப்பைப் புற்றுநோய் வந்தது, சுமார் 6 லட்சத்து 60 ஆயிரம் பேர் அதனால் இறந்தார்கள். ஜப்பான், கொரியா போன்ற கிழக்காசிய நாடுகளில் இது மிக அதிகம். இந்தியாவில் பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் இந்தக் கிருமி இருந்தும், புற்றுநோய் அந்த அளவுக்கு இல்லை. மருத்துவர்கள் இதை ஒரு புதிராகவே பேசுகிறார்கள். கிருமியின் வகை, உடல் மரபு, உணவு ஆகிய மூன்றுக்கும் இதில் பங்கிருக்கிறது.

ஆனால் நாடு முழுவதும் ஒரே நிலை அல்ல. மிசோரமில் மிக அதிகம். வட இந்தியாவைவிடத் தென்னிந்தியாவில் அதிகம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954-ல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் நிலையம், சென்னையில் ஏற்படும் புற்றுநோய்களை 1980-களின் தொடக்கத்திலிருந்து முறையாகப் பதிவு செய்து வருகிறது. அந்தப் பதிவேட்டில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இரைப்பைப் புற்று பல ஆண்டுகளாக முன்வரிசையில் இருந்து வந்திருக்கிறது. ஆகவே 'இது ஜப்பான்காரர்களுக்கு வரும் நோய்' என்று தமிழ்நாட்டில் யாரும் ஒதுங்கிவிட முடியாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அரசு மக்களிடையே நடத்தும் புற்றுநோய்ப் பரிசோதனைகள் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்றுக்குமானவை. இரைப்பை அதில் இல்லை. எனவே யாரும் வீடு தேடி வந்து இதைச் சோதிக்க மாட்டார்கள். நாமாகத்தான் கேட்க வேண்டும்.

கிருமியோடு சேர்ந்து அபாயத்தைக் கூட்டுபவையும் உண்டு: புகைபிடித்தல், மது, அதிக உப்பு, கருவாடும் ஊறுகாயும் போன்ற உப்பில் ஊறிய உணவுகள். மது நமக்கு ஹராம். ஆனால் பீடி, சிகரெட் விஷயத்தில் நம் சமுதாயம் காட்டும் அலட்சியம் வேதனைக்குரியது. தினமும் தட்டில் ஊறுகாய் இல்லாமல் சோறு இறங்காது என்ற பழக்கத்தையும் குறைத்துக்கொள்ளலாம். காய்களும் பழங்களும் அபாயத்தைக் குறைக்க உதவும்.

தொற்று வீட்டுக்குள்தான் நடக்கிறது

இந்தக் கிருமி பெரும்பாலும் சிறு வயதில், குடும்பத்துக்குள் தொற்றுகிறது. வாந்தி, மலம், உமிழ்நீர் வழியாக ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போகிறது. நெருக்கமான வீடு, சுத்தமில்லாத தண்ணீர், கை கழுவாத பழக்கம் ஆகியவை பரவலைக் கூட்டுகின்றன. ஹைதராபாத்தில் உள்ள டெக்கான் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், குழாய்த் தண்ணீர் குடிப்பவர்களைவிடக் கிணற்றுத் தண்ணீர் குடிப்பவர்களிடம் கிருமி அதிகமாகக் காணப்பட்டது. கிணற்றையும் போர்வெல்லையும் நம்பியிருக்கும் நம் ஊர்களில் குடிநீரைக் காய்ச்சிக் குடிப்பது நல்லது.

மலஜலம் கழித்தபின் சுத்தம் செய்வது, தூங்கி எழுந்ததும் கையைக் கழுவிய பிறகே பாத்திரத்தில் விடுவது, குடிக்கும் பாத்திரத்துக்குள் மூச்சு விடாமல் இருப்பது ஆகியவற்றை நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். கிருமி கண்டுபிடிக்கப்பட்டதால்தான் இவற்றுக்கு மதிப்பு என்று நாம் சொல்லவில்லை. ஏற்கெனவே நம்மிடம் இருக்கும் சுன்னத்துகளைக் கவனமாகப் பேணினாலே இந்தத் தொற்றைக் குறைக்க உதவும் என்கிறோம்.

இங்கே இரண்டு கேள்விகள் வரும்.

முதலாவது, சஹனில் சேர்ந்து உண்ணலாமா? சேர்ந்து உண்பதால் மட்டும் கிருமி பரவுகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பெரியவர்களுக்குப் புதிதாகத் தொற்றுவதும் அரிது. கையை நன்றாகக் கழுவி, அவரவர் பக்கத்திலிருந்து உண்ணும் ஒழுக்கத்தைக் கடைப்பிடித்தால் போதும். நிக்காஹ் விருந்தில் சஹனை நிறுத்த வேண்டிய அவசியம் இல்லை.

இரண்டாவது, தஹ்னீக். பிறந்த குழந்தையின் வாயில் பேரீத்தம் பழத்தை மென்று தடவும் சுன்னத் இது. பெரியவர்கள் மென்ற உணவைக் குழந்தைக்கு ஊட்டுவது இக்கிருமி பரவும் வழிகளில் ஒன்றாகக் கருதப்படுகிறது. நம் ஊர்களில் வயதான பெரியவர்களைத் தேடிப் பிடித்துத் தஹ்னீக் செய்யச் சொல்கிறோம். அவர்களில் பலரிடம் கிருமி இருக்க வாய்ப்புண்டு. பழத்தைச் சுத்தமான விரலால் நன்கு மசித்து, அதன் இனிப்பைக் குழந்தையின் மேலண்ணத்தில் தடவி துஆ செய்தாலே தஹ்னீக்கின் நோக்கம் நிறைவேறும் என்பது நமது கருத்து. பழத்துக்குப் பதிலாகத் தேன் வைப்பதைத் தவிர்க்க வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது என்று மருத்துவர்கள் வேறொரு காரணத்துக்காகக் கண்டிப்பாகச் சொல்கிறார்கள்.

பரிசோதனைகள்

*மூச்சுப் பரிசோதனை:* யூரியா கலந்த ஒரு திரவத்தையோ மாத்திரையையோ விழுங்கிவிட்டுச் சற்று நேரம் கழித்து ஊத வேண்டும். கிருமி இருந்தால் மூச்சுக் காற்றில் தெரியும். வலி இல்லை.

*மலப் பரிசோதனை:* மலத்தில் கிருமியின் கூறுகள் இருக்கின்றனவா என்று பார்ப்பது. குழந்தைகளுக்கும் எளிது.

*எண்டோஸ்கோபி:* உட்சுவர் மாறியிருக்கிறதா என்பதை அறிய இதுவே வழி. கண்ணால் பார்ப்பதோடு, இரைப்பையின் கீழ்ப்பகுதியிலிருந்தும் மேல்பகுதியிலிருந்தும் குறைந்தது இரண்டிரண்டு துளித் திசுக்களை எடுத்துச் சோதிப்பது முறை.

*இரத்தப் பரிசோதனை:* இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருப்பது, கிருமி எப்போதோ இருந்து போனதையும் காட்டலாம். சிகிச்சைக்குப் பிறகு கிருமி போய்விட்டதா என்று அறிய இது உதவாது.

முக்கியமான ஒரு செய்தி: 'கேஸ்' மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே சோதித்தால், கிருமி இருந்தும் இல்லை என்று காட்டிவிடலாம். மருத்துவரிடம் சொல்லி, பேன்டோபிரசோல் வகை மாத்திரைகளை இரண்டு வாரமும், ஆன்டிபயாட்டிக் மருந்துகளை நான்கு வாரமும் நிறுத்திய பிறகே சோதிக்க வேண்டும்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இவை பற்றி விசாரிக்கலாம். புற்றுநோய் என்று உறுதியானால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சைக்கு வழியுண்டு. அதற்கான அட்டையை நோய் வருமுன்பே வாங்கி வைத்திருக்க வேண்டும்.

சிகிச்சை: பதினான்கு நாள் பொறுமை

இந்தக் கிருமியை ஒரே மருந்தால் ஒழிக்க முடியாது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோடு இரண்டு ஆன்டிபயாட்டிக் மருந்துகளும், பல நேரங்களில் பிஸ்மத் என்ற மருந்தும் சேர்த்துப் பொதுவாகப் பதினான்கு நாட்கள் கொடுக்கிறார்கள். வாய் கசக்கும், உலோகச் சுவை தெரியும், வயிறு சற்று இளகும். பிஸ்மத் சாப்பிடும்போது மலம் கருப்பாகப் போவதும் இயல்பே. இவற்றுக்காக நடுவில் நிறுத்தினால், மிஞ்சிய கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகிவிடும். அடுத்த முறை அதே மருந்து வேலை செய்யாது. இந்தியாவில் மெட்ரோனிடசோல், கிளாரித்ரோமைசின் ஆகியவற்றை எதிர்த்து நிற்கும் கிருமிகள் ஏற்கெனவே அதிகம். உலக சுகாதார அமைப்பு 2017-ல் வெளியிட்ட, புதிய மருந்து அவசரமாகத் தேவைப்படும் கிருமிகளின் பட்டியலில் இதுவும் இருந்தது. எனவே மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்கக் கூடாது.

மருந்து முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து, கிருமி போய்விட்டதா என்று மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்ய வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. வலி நின்றுவிட்டது என்பது கிருமி போய்விட்டதற்குச் சான்றல்ல.

பயன் என்ன? தைவானைச் சேர்ந்த மட்சு தீவுகளில் 2004 முதல் மக்கள் அனைவரையும் சோதித்துச் சிகிச்சை கொடுத்தார்கள். இரைப்பைப் புற்றுநோய் பாதிக்கு மேல் குறைந்தது. அந்த மகனின் கேள்விக்கு நேரடியான பதில் கொரியாவிலிருந்து கிடைத்தது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இரைப்பைப் புற்றுநோய் வந்த, கிருமியும் உள்ள 1,676 பேரை ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் கண்காணித்த ஆய்வு 2020-ல் வெளியானது. சிகிச்சை பெற்ற 832 பேரில் 10 பேருக்கும், வெற்று மாத்திரை பெற்ற 844 பேரில் 23 பேருக்கும் புற்றுநோய் வந்தது. கிருமி உண்மையில் ஒழிந்தவர்களைத் தனியே எடுத்தால் நூற்றுக்கு 0.8, கிருமி நீடித்தவர்களில் நூற்றுக்கு 2.9.

ஆனால் ஓர் எல்லை உண்டு. அழற்சி ஆறிவிடும், சுரப்பி நலிவு ஓரளவு சீராகலாம், குடல்வகை மாற்றம் பெரும்பாலும் மறைவதில்லை. அந்தப் படியை எட்டியவர்களுக்குக் கிருமி ஒழிந்த பிறகும் அபாயம் ஓரளவு நீடிக்கும். மாற்றம் இரைப்பை முழுதும் பரவியிருந்தால் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை எண்டோஸ்கோபி செய்யுமாறு ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்கிறது. குடும்பத்தில் யாருக்கேனும் இரைப்பைப் புற்றுநோய் இருந்தால் ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை. ஆரம்ப நிலையில் கண்டுபிடித்தால் வயிற்றைத் திறக்காமல் எண்டோஸ்கோபி வழியாகவே கட்டியை அகற்றவும் முடிகிறது.

கருஞ்சீரகம் போதாதா?

கருஞ்சீரகத்தில் நிவாரணம் இருப்பதாக நபிமொழி உண்டு. அதை நாம் ஈமானோடு ஏற்கிறோம். இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். சவூதியில் 88 பேரிடம் நடந்த ஆய்வு 2010-ல் வெளியானது. வழக்கமான மும்மருந்துச் சிகிச்சையில் நூற்றுக்கு 83 பேருக்குக் கிருமி ஒழிந்தது. தினமும் 2 கிராம் கருஞ்சீரகத்தை ஒமேப்ரசோலோடு கொடுத்தபோது நூற்றுக்கு 67 பேருக்கு. 1 கிராமிலும் 3 கிராமிலும் அது பாதிக்கும் கீழே. கருஞ்சீரகத்துக்குக் குணம் இருப்பது இதில் தெரிகிறது. மருத்துவர் தரும் மருந்துக்கு அது மாற்றாகாது என்பதும் தெரிகிறது. ஆய்வு சிறியது, அதிலும் ஒமேப்ரசோல் சேர்த்தே கொடுத்தார்கள். மருத்துவரிடம் சொல்லிவிட்டு உணவோடு சேர்த்துக்கொள்ளுங்கள், மருந்தை விட்டுவிடாதீர்கள்.

மார்க்கம் தொடர்பான ஐயங்கள்

*ரமளானில் சிகிச்சை:* தினமும் நான்கு வேளை விழுங்க வேண்டிய மருந்துகளும் உண்டு. அவசரமில்லை என்று மருத்துவர் சொன்னால் ரமளானுக்கு முன்போ பின்போ வைத்துக்கொள்ளலாம். தள்ளிப்போடக் கூடாது என்றால் நோன்பை விட்டுப் பின்னர் கழா செய்யும் சலுகையை அல்பகரா அத்தியாயத்தின் 185-ம் வசனம் நோயாளிக்கு வழங்கியிருக்கிறது. நோன்புக்காக மருந்தை இரு வேளையாகச் சுருக்கிக்கொள்வது நோயையும் தீர்க்காது, பேணுதலும் ஆகாது.

*காப்ஸ்யூல்:* அதன் உறை ஜெலட்டின் என்பதால் சிலர் மருந்தையே விட்டுவிடுகிறார்கள். மாத்திரை வடிவில் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால் உங்கள் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

*'விதித்தபடி நடக்கட்டும்':* மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்களே ஏவியிருக்கிறார்கள். ஷாமில் கொள்ளைநோய் பரவியபோது உமர் (ரலி) அவர்கள் ஸர்ஃ என்ற இடத்திலிருந்து படையோடு திரும்பினார்கள். அதை விதியிலிருந்து தப்பி ஓடுவதாக அவர்கள் கருதவில்லை. காரணங்களைத் தேடுவதும் கத்ரில் உள்ளதே.

யார் தாமதிக்கக் கூடாது?

பின்வரும் அறிகுறிகள் இருந்தால் மாத்திரை வாங்கிச் சமாளிக்காமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்:

- காரணமின்றி எடை குறைதல், பசியின்மை
- விழுங்குவதில் சிரமம், சிறிது உண்டதும் வயிறு நிறைதல்
- தொடர்ந்து வாந்தி, இரத்த வாந்தி
- பிஸ்மத்தோ இரும்புச்சத்து மாத்திரையோ சாப்பிடாதபோதும் தார் போல் கருப்பாகப் போகும் மலம்
- விளங்காத இரத்தசோகை, குறிப்பாக ஆண்களுக்கு
- 45 வயதுக்கு மேல் முதன்முதலாகத் தொடங்கிய வயிற்றுத் தொல்லை

பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் ஒருவருக்கு இரைப்பைப் புற்றுநோய் வந்திருந்தால், அறிகுறி இல்லாவிட்டாலும் மற்றவர்கள் கிருமிச் சோதனை செய்துகொள்ள வேண்டும். நம் பெண்கள் வயிற்று வலியை வெளியே சொல்வதில்லை. வீட்டு ஆண்கள் கேட்டறிய வேண்டும்.

அந்த மகனிடம் பிறகு பேசினோம். அவரும் தம்பியும் தங்கையும் பரிசோதித்துக்கொண்டார்கள். இருவருக்குக் கிருமி இருந்தது. பதினான்கு நாளும் மருந்து சாப்பிட்டார்கள், மறுபரிசோதனையில் கிருமி இல்லை. எண்டோஸ்கோபியில் அவருக்கு அழற்சி மட்டுமே இருந்தது, வேறு மாற்றம் இல்லை. அல்ஹம்துலில்லாஹ். வாப்பாவின் அந்தப் பழைய அறிக்கையோடு தன்னுடையதையும் இப்போது தனிக் கோப்பில் வைத்திருக்கிறார். மருத்துவரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் இரண்டையும் எடுத்துச் செல்கிறார்.

உங்கள் வீட்டுப் பீரோவிலும் அப்படி ஒரு பழைய அறிக்கை இருக்கலாம். இன்றே எடுத்துப் பாருங்கள். புரியாவிட்டால் மருத்துவரிடம் காட்டி, இதற்கு என்ன பொருள், அடுத்து எப்போது வர வேண்டும் என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்.

உடல் நலம் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைப் பேணும் நல்லறிவையும், நோயுற்றோருக்கு முழுமையான ஷிஃபாவையும், மரணித்தோருக்கு மஃபிரத்தையும் வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக. ஆமீன்.